அத்திவாரக் கல்லுக்குப் பின்னால்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேநீர் போடுகிற ஆள் நான். ஆகவே நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ரொறன்ரோவில் பழைய கட்டடங்களின் கற்சுவர் திருத்துவது என் வேலை. போன ஒக்ரோபரில், விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலிக்கன் சேர்ச் ஒன்றின் கோபுரச் சுவர் வெடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அந்த மூலையில்தான், முழங்கால் உயரத்தில், அத்திவாரக் கல் இருந்தது. அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திய பிறகுதான் சுவரைத் தொடலாம். என்னோடு வேலை செய்பவர் மன்னார் அந்தோனி அண்ணை.

அங்கிருந்த பெண் பாதிரியார் கோப்பியோடு வந்து கல்லின் கதையைச் சொன்னார். அது இரண்டு தரம் வைத்த கல்லாம். முதல்தரம் வைத்துச் சில நாளில் சுவர் சரிந்து ஒரு மேசன் அகப்பட்டுவிட்டான். பங்குப் பதிவேட்டில் கல் வைத்த பிரமுகர்கள் அத்தனை பேருடைய பெயரும் உண்டு, அவன் மட்டும் வெறும் 'ஒரு மேசன்'. உடலை எடுத்தார்களா என்று அந்தோனி அண்ணை கேட்டார். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையாம்.

பகல் இரண்டு மணி, நல்ல வெயில், தெருத் தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் போய்க்கொண்டிருந்தது. கல்லை இழுத்து எடுத்தோம். பின்னால் ஒரு பொந்து. அந்தக் காலத்தில் பத்திரிகை, நாணயம் எல்லாம் போட்டு ஒரு தகரப்பெட்டி வைப்பார்கள், அது இருக்கிறதா பார்ப்போம் என்று முழங்காலில் நின்று தோள்வரை உள்ளே போனேன். நம்பினால் நம்புங்கள், உள்ளே சாந்து ஈரமாக இருந்தது, காலையில் குழைத்ததுபோல, சுண்ணாம்பு மணத்தோடு. பயம் வரவில்லை. ஒரு களைப்பு, அப்படியே கிடந்துவிடலாம் போல. பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது, என்னுடையதுதான் என்று நினைத்து மூச்சை அடக்கிப் பார்த்தேன், அது நிற்கவில்லை.

பெல்ற்றில் பிடித்து யாரோ என்னை வெளியே இழுத்தார்கள். நான் புல்லில் விழவும், முட்டுக்கொடுத்திருந்த மேல்வரிசைக் கற்கள் பொந்துக்குள் இறங்கவும் சரியாக இருந்தது.

"எத்தின தரம் கத்தினனான், கேக்கேல்லையோ?" அந்தோனி அண்ணை இன்னும் என் பெல்ற்றை விடவில்லை.

"இப்பதானே அண்ணை தலையை விட்டனான்."

"இப்பவோ? நான் வானுக்குப் போய்க் கயிறு எடுத்துக்கொண்டு வந்து பாக்கிறன், நீ அப்பிடியே கிடக்கிறாய். இழுத்தா வாறாயில்லை. அந்தப் பக்கமும் ஆரோ இழுக்கிற மாதிரியெல்லோ இருந்தது."

அடுத்த நாள் கற்களை அகற்றிப் பார்த்தோம். பெட்டியும் இல்லை, எலும்பும் இல்லை. சாந்து காய்ந்து தூளாக உதிர்ந்தது.

ஆனால் முதல்நாளே, ஸ்காபரோ வீட்டில் ஜக்கெற்றைக் கழற்ற முன்னம் மனைவி கேட்டாள், "உங்கட முதுகில ஆற்ர கை இது?" சுண்ணாம்பில் ஒரு வலது உள்ளங்கை முழுதாகப் பதிந்திருந்தது. விரல்கள் இடது விலாப் பக்கமிருந்து முதுகெலும்பை நோக்கிக் கிடந்தன. அந்தோனி அண்ணை கையுறை போட்டிருந்தார், பிடித்ததும் பெல்ற்றில். அவள் எனக்குப் பின்னால் நின்று தன் கையை வைத்துப் பார்த்தாள், எப்படித் திருப்பினாலும் சரிவரவில்லை. பிறகு, ஏதோ பகிடி போல, முன்னால் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். கை அச்சொட்டாக அதன்மேல் போய் நின்றது.

எனக்கு முன்னால் அன்றைக்கு இருந்தது அந்தப் பொந்து மட்டும்தான்.

அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். இன்றுவரை அவள் என்னை அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை, நான் விடவும் இல்லை.