முதலாளி தட்டிய கடவுச்சொல்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு விலை எழுதி மின்னஞ்சல் அனுப்புவது என் பொறுப்பு. அந்த மழைக்காலத்தில், நாங்கள் சொன்ன விலைக்குச் சற்றுக் கீழே வேறு யாரோ சொல்லிச் சொல்லி, ஆர்டர்கள் வரிசையாகக் கைவிட்டுப் போயின.

விலை தெரிந்தவர்கள் முதலாளியும் நானும் மட்டுமே. அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் போனை எடுத்தால் அவருடைய மின்விசிறி நின்றுவிடும். காது கொடுக்கிறார் என்று புரியும். ஒளிக்க எதுவுமில்லை என்று காட்ட, கைப்பையை மேசைமேல் திறந்தபடி வைக்கத் தொடங்கினேன். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

என் சந்தேகமோ கணினிமேல். தொலைபேசி வழியே இணையத்தைப் பிடிக்கும் மோடம், யாரும் தொடாமலே கத்தும். தெருமுனைக் கடைக்காரர் திருட்டுக் குறுந்தகட்டிலிருந்து மென்பொருள் எல்லாம் ஏற்றித் தந்த பழைய பெட்டி அது.

எர்ணாகுளத்தில் கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் தோழியை வரவழைத்தேன்.

"வேற வன்தட்டு மாட்டி லினக்ஸ்னு ஒரு இயங்குதளம் போடலாம் சார். காசு வேண்டா" என்றாள்.

முதலாளி நிமிர்ந்தார். "சும்மா தரவனுக்கு என்ன லாபம்?"

"உள்ள எழுதின நிரலை யாரு வேணா படிச்சுப் பாக்கலாம் சார். கள்ளத்தனம் ஒளிச்சு வைக்கக் கஷ்டம்."

"எல்லாரும் பாக்கற பெட்டியில என் விலை எப்படிப் பத்திரமா இருக்கும்?"

"பூட்டு செஞ்ச விதந்தான் எல்லாருக்கும் தெரியும். சாவி உங்ககிட்ட."

லினக்ஸில் இரண்டு வகை கொண்டு வந்திருந்தாள். முதலாவது படமும் பளபளப்புமாக வந்தது. எங்கள் பெட்டிக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவதில் மின்னஞ்சல், தட்டச்சு, அச்சு, அவ்வளவுதான். சட்டென்று திறந்தது.

"இதென்ன, ஒண்ணுமேயில்லாம?" என்றார் முதலாளி.

"வாசல் குறைச்சல் சார். கள்ளன் வர வழியும் குறைச்சல்."

அதையே போட்டோம். பழைய வன்தட்டை அவர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்: "இனிமே இதோட கடவுச்சொல் உனக்கு மட்டுந்தான் தெரியும், இல்லியா?"

முகம் சுட்டது. எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன். "அமைப்பை மாத்தற கடவுச்சொல்லை நீங்களே போடுங்க. எனக்கு மின்னஞ்சலோடது போதும்."

நானும் தோழியும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றோம். ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

மோடம் அடங்கியது. நழுவிப்போன ஆர்டர்களில் சில திரும்பி வந்தன. அப்போதும் அவருக்கு மனம் ஆறவில்லை. தோழியை மறுபடி வரச்சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பழைய வன்தட்டைச் சோதிக்க வைத்தார். நாங்கள் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஒரு நிரல் அதில் இருந்தது. கடைக்காரரைக் கேட்டால், குறுந்தகடு எங்கிருந்தோ வந்தது என்றார். எழுத்துகள் யாருக்குப் போயின என்பது கடைசிவரை தெரியவில்லை.

தோழி போனபின் முதலாளி கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "உன்னை நான் ஒண்ணும் சொல்லலியே."

"இல்லை சார்" என்றேன்.

அடுத்த மழைக்கு முன்பே வேறு வேலை தேடிக்கொண்டேன்.