நான்கு ரப்பரும் நான்கு பக்கமும்

ஒரே பாட்டை ஒன்பது பேர் ஒன்பது விதமாகப் பாடினால், ஒன்பதையும் சரியென்று எழுதிக்கொள்வது எங்கள் தொழில். ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர் ஊராக அலைந்து நொந்திருக்கும் தோழர்களே, மரக்காணம் கரையில் எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்திருக்கலாம். நீங்கள் இன்னும் கண்டுபிடிக்காமல் இருக்கலாம்.

வலை இழுக்கும் பாட்டுகள் பற்றிய என் நூல் அச்சுக்குப் போக ஆறு நாள் இருந்தது. அதில் எனக்குப் பெருமை தந்தவை, 'மரக்காணத்து நடுக்கம்' என்று நானே பெயர் சூட்டிய நான்கு பக்கங்கள். இக்கரைப் பாடகர்கள் நீட்டி இசைக்கும் இடங்களில் குரலை நடுங்கவிடுகிறார்கள்; வேறு எந்தக் கரையிலும் இவ்வழக்கு இல்லை. மூவரிடம் பதிவுசெய்து ஒப்பிட்டும் விட்டேன். இறுதியாக ஒருமுறை சரிபார்க்க, மூவரில் மூத்தவரான ஏழுமலையின் பைபர் படகில் ஏறினேன். கடல்மேல் போனால்தான் அவருக்குப் பாட்டு வரும்.

நடந்து வந்த டம்ளர்

இன்ஜின் ஓடத் தொடங்கியதும், அதன் பெட்டிமேல் வைத்திருந்த என் டீ டம்ளர் நடக்க ஆரம்பித்தது. விளிம்புவரை வந்தது, சற்றே தயங்கியது, பிறகு என் மடியில் இறங்கியது. இன்ஜின் ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்டேன். டீசல் சரியில்லை என்றார் உடன் வந்த மீனவர்களில் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றவர். இரண்டு பாடபேதங்களையும் முறைப்படி குறித்துக்கொண்டேன். ஆட்டம் மிஞ்சவே, பாடாமலே கரை திரும்பினோம். ஏழுமலை என் வேட்டியைப் பார்த்துச் சொன்னார்: "டம்ளரு எப்பவும் வலப்பக்கம்தாங்க நடக்கும். நீங்கதான் தப்பான பக்கம் உக்காந்துட்டீங்க."

படகில் ஓர் உப்பளம்

மெக்கானிக் ரபீக் பாய் குனிந்து பார்த்து, "மவுண்ட்டிங்" என்றார். இன்ஜினின் அதிர்வு படகில் ஏறாதபடி அடியில் நான்கு தடித்த ரப்பர்கள் இருக்கும். நான்கும் நசுங்கி, வெடித்து, அப்பளமாகியிருந்தன. கழற்றலாம் என்றால் நட்டுகளில் உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. டீசல் ஊற்றி, சுத்தியலால் தட்டி, தொங்கியும் பார்த்த பின் ரபீக் பாய் திரும்பினார்: "ஏம்பா ஏழுமல, உப்பளம் அந்தாண்ட இருக்குது. நீ போட்டுலயே வெள்ளாம பண்றியா?"

அந்தரத்தில் ஓர் ஆய்வு

கழியில் கயிறு கட்டி, ஆறு பேர் தோள் கொடுத்து இன்ஜினைத் தூக்கினார்கள். தம் பிடிக்க, ஏழுமலை தம்மை மறந்து, நான் பதிவுசெய்திருந்த அதே வலைப்பாட்டைத் தொடங்கினார். குரல் கம்பிபோல் நேராக வந்தது. நான் பதறி, "நிறுத்துங்கள்! நடுக்கம் எங்கே?" என்றேன். ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். இன்ஜின் அந்தரத்தில் ஊசலாடியது. அதன் அடியிலிருந்து ரபீக் பாயின் குரல் வந்தது: "சார், என் கை உள்ள மாட்டியிருக்குது. நடுக்கம் எனக்கு வந்துடுச்சி, எழுதிக்குங்க!"

தனலட்சுமியின் காது

தரையில் பாடியதால் நடுக்கம் குறைந்திருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சான்றாக, பழைய பதிவை ஏழுமலையின் மனைவி தனலட்சுமிக்குப் போட்டுக் காட்டினேன். மீன்கூடையை இறக்கிவைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "சரிங்க சார், பாடுற மூணு பேரும் நடுங்குறாங்க. பாட்டுக்கு முன்னால பேரு கேக்குற நீங்க ஏன் நடுங்குறீங்க?"

வெள்ளோட்டம்

என் மூன்று சான்றாளர்களும் அதே படகில், ஓடும் அதே இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்கள். அதை நான் எங்கும் குறிக்கவில்லை. இருப்பினும் நம்பிக்கை விடவில்லை. ரபீக் பாய் புது ரப்பர்களைப் பொருத்தி, இன்ஜினும் விசிறியைச் சுழற்றும் ஷாப்டும் நேர்கோட்டில் அமர அரைநாள் முடுக்கித் தளர்த்தினார். கடலில் இறங்கினோம். டீ டம்ளர் பெட்டிமேல் அசையாமல் நின்றது. ஏழுமலை பாடினார், குரல் அடிவானம் போல நேராகப் போனது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. "பழசையே மாட்டச் சொல்லட்டுமா சார்? புக்கு வர்ற வரைக்கும் ஆடிக்குறோம்." படகே குலுங்கும்படி சிரித்தோம், இம்முறை அதற்கு ரப்பர் காரணமில்லை. கரையேறியதும் ரபீக் பாய் ஒரு துணிப்பையை என் கையில் வைத்தார். உள்ளே நான்கு பழைய ரப்பர்கள். "இந்தாங்க சார், உங்க நாலு பக்கம்."

நூல் நான்கு பக்கம் குறைந்து வெளிவந்தது. தாள்கள் பறக்காமலிருக்க அந்த ரப்பர்களையே மேசையில் வைத்திருக்கிறேன், ஆய்வில் கனமானவை அவை மட்டுமே.