இருநூற்றுப் பதினான்கு பிழைகள்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் அம்சவல்லியின் பிரவுசிங் சென்டர் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் நான்கு, பிரிண்டர் ஒன்று, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று. தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் பயோடேட்டா அடிக்கவும் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் அங்கேதான் வருவார்கள்.

அம்சவல்லிக்கு ஊர், பக்கத்திலேயே இருக்கிற சந்தவேலூர். டைப்ரைட்டிங்கில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் முடித்தவள். ஸ்ரீபெரும்புதூரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் ஒன்பது வருடம் தட்டச்சு செய்துவிட்டு, 2003-இல் சொந்தமாகக் கடை போட்டாள். அவளுக்கு அழுக்கு ஆகாது. தினமும் கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டுவாள். மானிட்டர்களை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி உலர்ந்த துணியால் துடைப்பாள்.

அப்படிப்பட்டவளிடம் கண்ணுக்குத் தெரியாத குப்பை ஒன்று இருப்பதாகச் சொன்னவன் சிவசங்கர். மாதம் ஒருமுறை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பைக்கில் வந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டுப் போகிற சர்வீஸ்காரன்.

"அக்கா, வெளியே தொடச்சா போதுமா? உள்ள ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு கீது. எந்த சாப்ட்வேர் எங்க கீதுன்னு விண்டோஸ் எழுதி வச்சிக்கினு இருக்கிற பெரிய நோட்டு மாதிரி. அதுல குப்பை சேந்துதான் சிஸ்டம் ஸ்லோ ஆவுது."

ஒரு சிடியைப் போட்டு, சுத்தம் செய்கிற மென்பொருளை ஏற்றிக் காட்டினான். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 612 பிழைகள். இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டா கடை நடத்தியிருக்கிறோம் என்று அம்சவல்லி கூசிப் போனாள். பட்டனை அழுத்தினான். பச்சைப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்து முடிந்ததும் எண் பூஜ்யமாகியது. அதைப் பார்க்கையில் மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து கடையைப் பெருக்கியதும் நான்கு கம்ப்யூட்டர்களிலும் அதை ஓட்டுவது வழக்கமானது. தினமும் பத்துப் பதினைந்து பிழைகளாவது அகப்படும். துடைத்தபின் கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டது போலத்தான் இருந்தது.

அடுத்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முத்துச்செல்வி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் பேக்கிங் லைனில் வேலை. ஹாஸ்டலில் பத்தொன்பது பேரோடு தங்கியிருந்தாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் அவர்களை நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்துதான் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். முந்தின வாரம் அப்படிக் கடக்கும்போது மாரிசெல்வி என்கிற பெண் மீது ஒரு மோட்டார் சைக்கிள் மோதி, தொடை எலும்பு முறிந்துவிட்டது.

"பஸ்ஸ ஹாஸ்டல் முக்கு வர விடச் சொல்லி ஒரு மனு எழுதணும்க்கா. திங்கக்கெழம பன்னெண்டு மணிக்கு ஹெச்.ஆர். சாரு பாக்கேன்னு சொல்லியிருக்காவ. அன்னைக்கு விட்டா அவரு பெங்களூரு போயிருவாராம்."

இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினார்கள். முத்துச்செல்வி சொல்லச் சொல்ல, அம்சவல்லி ஒவ்வொரு வரியையும் கோபம் குறையாமலும் மரியாதை கெடாமலும் திருத்தி அடித்தாள். விபத்து நடந்த தேதியையும் ஆஸ்பத்திரிச் சீட்டின் விவரத்தையும் கேட்டு வந்து சேர்க்க வேண்டியிருந்ததால், திங்கள் காலை பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை சிவசங்கர் வந்து அந்த மென்பொருளின் புது வெர்ஷனைப் போட்டுவிட்டுப் போனான். அதில் 'ஆழமான சுத்தம்' என்றொரு பட்டன் கூடுதலாக இருந்தது. திங்கள் காலை அம்சவல்லி நான்கிலும் அதை அழுத்தினாள். ஒவ்வொன்றிலும் முந்நூறுக்கு மேல் அகப்பட்டது. எல்லாவற்றையும் நீக்கினாள்.

பத்து மணிக்கு முத்துச்செல்வி வந்தாள். அம்சவல்லி மனுவைத் திறந்தாள். தமிழ் இருந்த இடமெல்லாம் கொம்பும் புள்ளியும் வைத்த வெள்ளைக்கார எழுத்துகள். தமிழ் அடிக்கிற மென்பொருளைத் தொட்டால், ஏதோ ஒன்றைக் காணவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. அடுத்த கம்ப்யூட்டரிலும் அதே கதி. நான்கையும் பார்த்துவிட்டாள். காலையில் குப்பை என்று அவள் நீக்கியதில் தமிழ் எழுத்துருக்களின் முகவரியும் போயிருந்தது.

"என்னக்கா ஆயிட்டு?" என்றாள் முத்துச்செல்வி.

"நாந்தான் கெடுத்துட்டேன்மா. சுத்தம் பண்றேன்னு கெடுத்துட்டேன்."

முத்துச்செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். அம்சவல்லி சிவசங்கருக்கு போன் செய்தால் அவன் காஞ்சிபுரத்தில் இருந்தான். மேஜை இழுப்பறையிலிருந்து நீளத்தாள்களை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"நீ சொல்லு. நான் எழுதறேன்."

முத்துச்செல்விக்கு மனு ஏறக்குறைய மனப்பாடமாகவே இருந்தது. பத்திரக்கடைக்கே உரிய திருத்தமான கையெழுத்தில் அம்சவல்லி ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தபோது மணி பதினொன்றே கால். ஹாஸ்டல் பெண்கள் போட்ட கையெழுத்துகள் தனித்தாளில் தயாராக இருந்தன. இரண்டு பிரதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, ஷேர் ஆட்டோ வரை கூடவே போய் ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் சிவசங்கர் வந்தான். இரண்டாவது கம்ப்யூட்டரை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டான். அவன் தமிழ் மென்பொருளின் சிடியை எடுக்கும்போது அம்சவல்லி தடுத்தாள்.

"இரு. மொதல்ல அந்த சுத்தம் பண்றத போடு."

"இன்னாத்துக்குக்கா? இப்பதான புச்சா போட்டுக்கீறேன்."

"போடேன். பாக்கலாம்."

போட்டான். பட்டை நகர்ந்தது. 214 பிழைகள்.

"ஒரு மணி நேரம் முன்ன பொறந்த கொழந்தைக்கு எங்கிருந்து சிவா இத்தினி நோவு?" என்றாள் அம்சவல்லி.

சிவசங்கர் தலையைச் சொறிந்தான். "நானும் இப்டி ஓட்டிப் பாத்ததில்லக்கா. எல்லாரும் போடறாங்க, நானும் போட்டேன்." பிறகு தானாகவே சொன்னான்: "பட்டை ஓடினா, கஸ்டமருக்கு நாம ஏதோ செஞ்ச மாதிரி கீது. சும்மா பாத்துட்டு நல்லா கீதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க."

அவனைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பட்டை ஓடுவதைப் பார்க்கத்தானே அவளும் தினம் காலையில் உட்கார்ந்தாள்?

ஆனாலும் ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத அவள் விரும்பவில்லை. மற்ற மூன்றிலும் தமிழ் மென்பொருளை மட்டும் சிவசங்கர் மறுபடி ஏற்றிக் கொடுத்திருந்தான். அவற்றில் ஒன்றாம் கம்ப்யூட்டரும் மூன்றாம் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரியானவை. ஒன்றாவதில் மட்டும் தினமும் ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தாள், 'ஆழமான' பட்டனைத் தொடாமல். மற்றதை அப்படியே விட்டாள். காலையில் இரண்டும் திறந்து தயாராக எத்தனை நொடி ஆகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தாள். ஒரு மாதம் ஆயிற்று. சில நாள் ஒன்றாவது முந்தியது, சில நாள் மூன்றாவது. மொத்தத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை.

பிறகு வேறு வேலைகளைச் செய்து பார்த்தாள். கம்ப்யூட்டர் திறக்கும்போதே கூடவே கிளம்பி உட்கார்ந்துகொள்கிற, யாருக்கும் வேண்டாத ஏழெட்டு மென்பொருள்களை நிறுத்தினாள். வேகம் கண்ணுக்குத் தெரிந்தது. விண்டோஸிலேயே இருக்கிற வசதியைக் கொண்டு தற்காலிகக் கோப்புகளை நீக்கினாள். டிஸ்க் நிரம்பிக் கிடந்த நான்காவது கம்ப்யூட்டர் மூச்சு விட்டது. ராம் என்கிற நினைவகத் துண்டு ஒன்றைக் கூடுதலாகப் போட்டதில் கிடைத்த வேகம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஆக, குப்பை என்பது பொய்யில்லை. ஆனால் எது குப்பை என்று தனக்கே தெரியாதபோது, குப்பை எடுத்தால் கூலி என்று வருகிறவனை நம்பி வீட்டைத் திறந்துவிடக் கூடாது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான்கிலிருந்தும் அந்த மென்பொருளை எடுத்தாள். முதல் சில நாட்கள் காலையில் கை பரபரத்தது.

மனுவுக்கு ஆறு வாரம் பதிலில்லை. ஏப்ரல் தொடக்கத்தில்தான் பஸ் ஹாஸ்டல் முக்கு வரை உள்ளே வர ஆரம்பித்தது. முத்துச்செல்வி வந்து சொன்னாள். மாரிசெல்வி மட்டும் திரும்பி வரவில்லை, ஊரிலேயே தங்கிவிட்டாளாம்.

கொஞ்ச நாள் கழித்து இருங்காட்டுக்கோட்டையில் வேலை செய்கிற சூப்பர்வைசர் ஒருவர், தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ரெஜிஸ்ட்ரி க்ளீன் பண்ணித் தரணும் மேடம். ஸ்லோவா கீது."

அம்சவல்லி திறந்து பார்த்தாள். மின்விசிறியில் தூசி அடைத்திருந்தது. அதை எடுத்தாள். கூடக் கிளம்புகிற மென்பொருள்களைக் குறைத்தாள்.

"ரெஜிஸ்ட்ரி?" என்றார் அவர்.

"அத தொட வேணாம் சார். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஒண்ணுமே பண்ணாம விடறதா?"

"ஆமா சார்."

அவர் ஏமாந்தவரைப் போல அவளைப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தார். அம்சவல்லி அதை வாசலிலிருந்தே பார்த்தாள். கூப்பிட்டு அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பயோடேட்டா அடிக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள்.