யானையின் வால்

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில், பெட்டிகளின் மேல் கடையின் அடையாள எழுத்தைப் பெயிண்டால் எழுதுவது என் வேலை. மிச்சமாகும் பெயிண்டில் வீட்டில் படம் வரைவேன். நான் எழுதிய பெட்டிகள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. வரைந்த படம் ஒன்றுகூட வாசலைத் தாண்டியதில்லை. யாராவது பார்த்துவிட்டு ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்தான்.

போன வருடம் வரத்து குறைந்திருந்த நாளில், முதலாளி எங்களைப் பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கூடாரம் போட்டுத் தங்கினோம். விடிந்ததும் யாரோ "யானைடோய்!" என்று கத்தினார்கள். எல்லோரும் வேனுக்கு ஓடினார்கள். முதலில் ஏறியவர் முதலாளி. என் கூடாரத்தின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. உதவிக்குக் கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் உள்ளேயே உட்கார்ந்து வலை வழியாகப் பார்த்தேன். மூங்கில் ஓரமாக யானை முதுகைக் காட்டி நின்று புல் தின்றுகொண்டிருந்தது. வால் தொங்கி மெல்ல ஆடியது. எங்களை அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தின்று முடித்து மலைப்பக்கம் நடந்துவிட்டது. அதன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மண்டிக்குத் திரும்பியதும் கதை மாறிவிட்டது. முதலாளி எதிரே போய் நின்று அதட்டினாராம்.

"நீ படம் வரைவியாமே? அத அப்படியே வரஞ்சு குடுப்பா, கடையில மாட்டலாம்" என்றார்.

"சரிங்க" என்றேன். இரண்டு மாதம் வரைந்தேன். பலகை முழுக்கக் காய்ந்த மலை, வெளுத்த புல், மூங்கில். ஓரமாக உள்ளங்கை அளவு யானை. முதல்முறையாக என் படம் ஒன்றை நாலு பேர் பார்க்கப் போகிறார்கள். பார்த்ததை மட்டும்தான் வரைய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

முதலாளி படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னப்பா இது, பின்னாடிய காட்டிட்டு நிக்குது? லட்சுமி கடைய வுட்டு வெளிய போற மாதிரி இருக்குது. திருப்பி வரஞ்சிரு."

தெரியாத முகத்தை எப்படி வரைவது? "சரிங்க" என்றேன். பலகையைத் தூக்கப் போனேன். அப்போது தக்காளி இறக்க வந்த விவசாயி ஒருவர் கேட்டார்.

"ஏங்க, நீங்க அதட்டுன யானை இதுங்களா? எதுக்குத் திரும்பி நிக்குது?"

முதலாளி ஒரு நொடிதான் யோசித்தார். "நான் போட்ட சத்தத்துல ஓடுதுங்க!"

படம் அன்றே சுவரேறியது. லட்சுமியைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

ஆனால் விவசாயி விடவில்லை. அவர் வயலில் வருடா வருடம் யானை இறங்குமாம். "ஓடற யானை வால தூக்கிக்கும்ங்க. இது சாவகாசமா மேயுது. உங்க சத்தம் அதுக்குக் கேக்கல போலருக்குது!" பெட்டி இறக்கியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் போனதும் முதலாளி என் பக்கம் குனிந்தார். "அந்த வால மட்டும் கொஞ்சம் தூக்கி வுட்டுருப்பா."

"சரிங்க. மழ நிக்கட்டுங்க, இப்ப பெயிண்ட் காயாது" என்றேன். என் வாழ்நாளில் முதலாளியிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மழை நின்று பல மாதம் ஆகிறது. முதலாளி கேட்கும்போதெல்லாம் "சரிங்க" என்கிறேன். வால் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.