கண்ணாடிமேல் கை வைக்காதே

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, படத்துக்குப் போடும் கண்ணாடி எல்லாம் அளந்து அறுத்துக் கொடுப்பார். எதையும் விளிம்பில்தான் பிடிப்பார். நடுவில் விரல் படவே படாது. அறுத்து முடித்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எங்கேயாவது ரேகை தெரிந்தால் போச்சு, தோளில் கிடக்கும் துணி தானாகக் கைக்கு வந்துவிடும்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு வாலு என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கடைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, இரண்டு உள்ளங்கையையும் பதித்து, மூக்கையும் அழுத்தி அப்பாவைப் பார்ப்பாள். "கண்ணாடிமேல கை வைக்காதே" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அவள் ஓடிவிடுவாள். இவர் போய்த் துடைப்பார். மறுநாளும் அதே கூத்து. அந்தக் கதவைத் துடைத்த அளவுக்கு மனுஷன் தன் முகத்தைத் துடைத்திருக்க மாட்டார். அப்போது எனக்கு அது தலைவலியாக இருந்தது. அவள் போன பிறகோ, அந்தச் சத்தம் இல்லாமல் சாயங்காலம் வந்த மாதிரியே இல்லை.

கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவளால் மூன்று வருஷமாக வர முடியவில்லை. போனில் இவருக்கு, "சாப்பிட்டியா, சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதற்கு மேல் பேச்சு வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே! ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளுக்குள் உருகினார். சாப்பாடு பாதியாகிவிட்டது. எனக்குத் தெரியாதா?

அப்போதுதான் டேப்லெட் என்று ஒன்று புதிதாக வந்தது. டிவியில் ஒருவர் விரலால் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். இவர் முகம் சுளித்தார்.

"நல்ல கண்ணாடிய இப்படியா தடவுவாங்க? யாரு துடைக்கறது?"

கொஞ்ச நாளில் வாலுவே ஒன்றை மாப்பிள்ளையின் நண்பரிடம் கொடுத்தனுப்பினாள், முகம் பார்த்துப் பேசலாம் என்று. இவர் அதை விளிம்பில் பிடித்து, சாய்த்துப் பார்த்தார்.

"ஓரத்தப் பாரு, என்னமா தேய்ச்சிருக்கான்" என்றார். அவருக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாலு கூப்பிட்டாள். பச்சை வட்டத்தைத் தொட வேண்டும் என்று நண்பர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர் நகத்தால் தொட்டார். அது அசையவில்லை.

"விரல வைங்க."

"அழுக்காகும்."

நான்தான் தொட்டேன். வாலுவின் முகம் வந்தது. இளைத்திருந்தாள். "அப்பா" என்றாள். அவள் கன்னத்தின்மேல் என் விரல் ரேகை இவருக்குத் தெரிந்ததாம். துணியை எடுத்து மேலிருந்து கீழே ஒரே துடை. கீழேயிருந்த சிவப்பு வட்டமும் அதில் அழுந்தி, பேச்சு அறுந்துபோனது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி நான் தொட்டேன், மறுபடி துடைத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு வந்ததே கோபம்.

"உங்களுக்குக் கண்ணாடி வேணுமா, பொண்ணு வேணுமா?" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டேன். வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் முறை மணி அடித்தபோது அவரே தொட்டார், விரலால். வாலு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, கதவில் அழுத்துகிற மாதிரி மூக்கை முன்னால் நீட்டினாள். இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் பெரிய கையை விரித்து, அவள் கைமேல் அழுத்தி வைத்தார். அவ்வளவுதான், சிவப்பு வட்டமும் சேர்ந்து அழுந்தி அந்தப் பேச்சும் அறுந்துபோனது.

இருண்டுபோன கண்ணாடியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன. பாவம், அவள் மறுபடி கூப்பிடுவாளே, அதற்குள் துடைத்துவிடலாம் என்று நானே துணியோடு கிட்டே போனேன்.

"கண்ணாடிமேல கை வைக்காதே" என்றார்.