பிரான்சில் ஓர் இடது திருப்பம்

டெல்லியில் பத்து வருஷம் குப்பை கொட்டிய பிறகும் எனக்கு அந்த ஊர் பக்கவாட்டில்தான் தெரியும். காரணம் சாதாரணமானது. என் கணவர் சைக்கிள் ஓட்டுவார், நான் பின்னால் கேரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். புடவை கட்டியவள் வேறு எப்படி உட்காருவது? போகும்போது சாலையின் ஒரு பாதி தெரியும், வரும்போது மறு பாதி. எதிரே என்ன வருகிறது என்பது மட்டும் ஒருநாளும் தெரியாது, அங்கே அவர் முதுகு இருக்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினால் பேச்சு தானாக வந்துவிடும். தலையைத் திருப்பாமல், எதிர்க்காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவார். எங்கள் வீட்டின் பெரிய தீர்மானங்கள் எல்லாம் அப்படி எடுக்கப்பட்டவைதான். கரோல் பாக் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தது, அவர் தம்பி கல்யாணத்துக்கு என்ன செய்வது, ஃப்ரிட்ஜ் இப்போதைக்கு வேண்டாம் என்பது, எல்லாம். நான் ஏதாவது பதில் சொன்னால் அது பஸ் ஹாரனில் கரைந்துவிடும். சொல்லாவிட்டால் சம்மதம். பின்னால் கனம் இருக்கிறது, ஆகவே நான் இருக்கிறேன், ஆகவே சரி என்று சொல்லிவிட்டேன் என்பது அவர் கணக்கு. கணக்கு டீச்சரான எனக்கு அந்தக் கணக்கு எரிச்சல் மூட்டும். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கேரியரில்தான் ஏறி உட்காருவேன்.

எழுபதுகளின் கடைசியில் அவரை ஆபீசில் பயிற்சிக்காகப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். என் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும் நான் போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. என் சங்கிலி ஒன்று டிக்கெட்டாக மாறியது. அவர் ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: "இங்க சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் ரயில் போகுது. ஸ்டேஷன்லயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஆனா கேரியர்ல ஆள் ஏத்த விடமாட்டாங்க. நீ சைக்கிள் கத்துக்கிட்டு வா."

அவர் சொல்லாத சேதியை எங்கள் பிளாக்கில் இருந்த இன்னொரு தமிழ்க்காரி, அவருடன் வேலை பார்ப்பவரின் மனைவி, மாடிப்படியில் நின்று சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரை இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருக்கச் சொல்றாங்களாமே அக்கா? நீங்க வேலையை விட்டுடுவீங்களா?"

பல வருஷம் டெம்பரரி, டெம்பரரி என்று இழுத்தடித்துவிட்டு அந்த வருஷம்தான் என்னைப் பர்மனென்ட் ஆக்கியிருந்தார்கள். இந்த வேலையை விட்டால் மறுபடி கிடைக்காது. அவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கேட்கவே மாட்டாரே, முன்னால் பார்த்துக்கொண்டு சொல்வார். அங்கே போனால் ஏதோ ஒரு சாலையில் அவர் முதுகு பேசும், என் வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன்.

சைக்கிள் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள். என்னை முதலில் தன் சல்வார் கமீஸுக்குள் நுழைத்தார். பிறகு என் கணவர் விட்டுப்போன பார் வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விடியற்காலையில் கோல் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். அது வட்டமான மார்க்கெட், அந்த நேரத்தில் சுற்றிலும் சாலை காலியாக இருக்கும். "பஹன்ஜி, நீச்சே மத் தேகோ, சாம்னே தேகோ!" என்று கத்துவார். கீழே பார்க்காதே, முன்னால் பார் என்று அர்த்தம். முன்னால் பார்ப்பதுதான் எனக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு தடவை தபால் பெட்டியில் போய் மோதினேன், அதன் பிறகு வந்துவிட்டது. தினமும் மார்க்கெட்டை வலமாகச் சுற்றுவேன். பால் டெப்போ வரிசையில் நிற்கும் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "என்ன டீச்சர், பிரதட்சிணம் எத்தனையாவது சுத்து? பிரசாதம் உண்டா?" என்பார்கள்.

ஒரு விஷயத்தை நானும் கவனிக்கவில்லை, அந்த அம்மாளும் கவனிக்கவில்லை. வாகனம் போகும் வழியும் அதுதான், கோயில் சுற்றும் வழியும் அதுதான் என்று வலமாகவே சுற்றிச் சுற்றி, எனக்கு வலது பக்கம் திரும்ப மட்டும்தான் வந்தது. இடது பக்கம் ஹேண்டிலை ஒடித்தால் உடம்பு கூட வராது, சைக்கிள் என்னைக் கீழே போட்டுவிடும்.

இது பிரான்சில் முதல் ஞாயிறே வெட்டவெளிச்சமாகிவிட்டது. லுவார் நதிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, லக்கேஜ் கவுண்டரில் சைக்கிள் எடுத்தோம். அவர் என் சல்வாரை மேலும் கீழும் பார்த்து, "யாரோ சர்தார்ஜி வீட்டு அம்மானு நெனச்சேன்" என்றார். இடது திருப்பம் வந்தபோது நான் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் பயணமெல்லாம் அப்படித்தான்: ரயிலில் பாதி, சைக்கிளில் பாதி, இடது பக்கமெல்லாம் நடை.

ஊர் எனக்குப் பிடித்திருந்தது. ஜூன் மாதத்தில் கோதுமை இன்னும் பச்சையாக நின்றது. நடுநடுவே சிவப்பாக ஏதோ களைப்பூ, யாரும் பிடுங்கவில்லை. மத்தியானம் ஊரே ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடும். லஞ்ச் நேரத்துக்கு இவ்வளவு மரியாதை நம் செக்ரடேரியட்டில்கூடக் கிடையாது. எங்களுக்கு உட்கார பெஞ்ச் என்று இருந்தது கல்லறைத் தோட்டத்து வாசலில்தான். அங்கே உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடுவோம். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி மட்டும் அவர் பேச்செடுக்கவில்லை.

கடைசிக்கு முந்திய ஞாயிறு. ஆற்றோரச் சாலை, லேசான இறக்கம், அவர் முன்னால், நான் பின்னால். மிதிக்கிற சுகத்தில் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இந்தா, இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நல்ல சான்ஸ். நீ வேலையை..."

அதோடு ஒரு நாற்சந்தி வந்தது. அவர் இடது பக்கம் திரும்பினார். வேலையை என்ன என்பதைச் சொல்லிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், மரவரிசைக்குள் போய்விட்டார். நான் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினேன். வழக்கம்போல இறங்கித் தள்ளியிருக்கலாம். நில்லுங்க என்று கத்தியிருக்கலாம். எனக்கு வந்ததே ஒரு கோபம்! பேசட்டும், யாரிடம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று வலது பக்கம் திருப்பிவிட்டேன்.

தனியாகப் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சாலை முழுசாக, நேர் எதிரே, யார் முதுகும் மறைக்காமல் கிடந்தது. முதலில் கொஞ்சம் அழுதேன். பிறகு அழுவதற்கு நேரமில்லை, சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது. டிராக்டர் ஓட்டி வந்த ஒருவர் வழி விட்டார், மெர்சி என்று நன்றி சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மூன்றில் ஒரு பங்கு அங்கே செலவாகிவிட்டது. திருப்பம் வந்த இடத்திலெல்லாம் வலது. ஒரு மேட்டில் இறங்கி நடந்தேன், உச்சியில் நின்று தண்ணீர் குடித்தேன். வலமாகவே திரும்பிக்கொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம் என்று கோல் மார்க்கெட் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. சாயங்காலம் நாங்கள் ரயில் இறங்கிய ஊரின் சர்ச் கோபுரம் மறுபக்கமாகத் தெரிந்தது, அதன் கீழே அதே ஸ்டேஷன். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன்.

அவர் வெகுநேரம் கழித்து வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது.

"எங்க போயிட்டே? ஆத்துல விழுந்துட்டியோன்னு..." மேலே பேச முடியவில்லை. மூச்சு வந்ததும், "எவ்வளவு தூரம் பேசிக்கிட்டே போனேன் தெரியுமா? ஒரு ஊரே தாண்டிட்டேன். நீ சரின்னுட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் எப்பச் சரின்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"நான் அங்க இல்லவே இல்லையே!"

ரயில் வந்தது. எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்தோம், முழங்கால்கள் இடிக்கிற மாதிரி. இரண்டு ஸ்டேஷன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவதில் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷம். வேலையை விட்டுட்டு வர்றியா?" என்றார். கேள்வியாகவே கேட்டார்.

"மாட்டேங்க. நீங்க இருக்கணும்னா இருங்க, நான் தடுக்கலை. என் வேலையை விடமாட்டேன்."

நான் பயந்திருந்த அளவுக்கு அதைச் சொல்வது கஷ்டமாக இல்லை. அவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஏமாற்றம் அப்படியே தெரிந்தது. பத்து வருஷமாக முதுகுக்கு அந்தப் பக்கம் இப்படி எத்தனை தடவை அந்த முகம் வாடியிருக்கும், நானும் பார்த்ததில்லையே என்று தோன்றி மனசு கனத்தது. ஆனாலும் பதிலை மாற்றவில்லை. "அச்சா" என்று மட்டும் சொன்னார். பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார்.

டெல்லியில் மறுபடி ஒரே சைக்கிள்தான். காலையில் அது அவருடையது, நான் பஸ்ஸில் போவேன். அவர் இல்லாத நாட்களில் மட்டும் நான் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்குப் போகும்போது புடவை கட்டிக்கொண்டு கேரியரில் உட்காருவேன். அவர் சைக்கிளில் பேசுவதைச் சுத்தமாக நிறுத்தியிருந்தார். எனக்கு அது வருத்தமாகவே இருந்தது. அந்தப் பேச்சும் போய்விட்டால் எங்களுக்குள் என்ன பேச்சு மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிறு, கோல் மார்க்கெட் வளைவில் சட்டென்று பிரேக் போட்டுக் காலை ஊன்றினார். பின்னால் ஸ்கூட்டர்க்காரன் ஒருவன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். நான் குதித்து இறங்கினேன்.

"என்னங்க, பஞ்சரா?"

"இல்லை. ஒண்ணு கேக்கணும்." சைக்கிளைத் திருப்பி நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "கிட்வாய் நகர்ல ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியாகுது. போலாமா, வேண்டாமா? நீ சொல்லு."

எனக்கு உடனே போகலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இப்படி ஒரு கேள்வி கைக்கு வந்திருக்கும்போது அதைக் கொஞ்ச நேரமாவது வைத்துக்கொள்ளாமல் எப்படி?

"ஓரமா வாங்க" என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்."