மீன் பெட்டியில் எழுதிய குடும்பப் பெயர்

மீன்கடைக் கணக்குக் கொப்பியிலிருந்து:
2011 ஜனவரி 29. இனிப்புப் பெட்டிகள், 36 யூரோ.
2011 மார்ச் 12. மண்டப முற்பணம், 600 யூரோ.
2011 ஏப்ரல் 3. கல்லறைப் பூ, 14 யூரோ.
2011 ஏப்ரல் 4. மண்டபம் ரத்து. முற்பணம் திரும்பவில்லை.
2014 ஜனவரி 22. மலர்வளையம், 85 யூரோ.

பாரிஸின் லா ஷப்பலில், எல்லோரும் மரியாதையாக 'மடம்' என்று அழைக்கும் ஆலீஸின் மீன்கடையை அறியாத தமிழர் இல்லை. கம்போடியாவில் பிறந்த சீனப் பெண். 1980இல் அகதியாக வந்தவர். கணவர் இறந்தபின் ஒரே மகன் எரிக்கை வளர்த்துக்கொண்டு தனியாகக் கடை நடத்தினார். வாடிக்கையாளரிடம் பொறுக்கிய யாழ்ப்பாணத் தமிழிலேயே அவர்களை மடக்குவார்.

"அண்ணை, கிள்ளிப் பாக்காதேங்கோ. மீன்தான் செத்தது, நான் இன்னும் சாகேல்லை."

வல்லிபுரம் 2009இல் அங்கே மீன் வெட்டச் சேர்ந்தார். புறநகர் எபினேயிலிருந்து வேலைக்கு வருவார். பெட்டிகள் வந்து இறங்கியதும் ஆலீஸ் தூரிகையால் ஒவ்வொன்றிலும் ஒரு சீன எழுத்தை எழுதுவார். இடப்பக்கம் கொக்கி போல ஒன்று. வலப்பக்கம் காலை விரித்து நிற்கும் பெட்டி போல ஒன்று. அது கணவரின் குடும்பப் பெயர்.

"அது முந்தி ஒரு சின்ன நாடு," என்று ஒருநாள் சொன்னார். "பக்கத்து நாடு வந்து விழுங்கிட்டுது. நாடு போன சனம் நாட்டின்ரை பேரை வீட்டுக்கு வைச்சுக்கொண்டுது. பிறகு ஊர் ஊராப் போச்சுதுகள். பீஜிங்கிலை சென், ஹாங்காங்கிலை சான், வியட்நாமிலை ட்ரான், எங்கடை வாயிலை டான். எழுத்து ஒண்டுதான்."

"எங்களுக்கு அப்பான்ரை பேர் மட்டும்தான், மடம்."

"அப்ப பாட்டன் எங்கை போனார்? தொலைச்சிட்டீங்களோ?"

வல்லிபுரம் சிரித்தார். நாடு போன கதையை மட்டும் அவர் சிரித்துக் கடக்கவில்லை.

2011 தொடக்கத்தில் எரிக் ஒரு பெண்ணை அழைத்து வந்தான். பெயர் கொரின் ஷான்-லூங். ரீயூனியன் தீவுக் குடும்பம். தகப்பன் பாரிஸ் புறநகரான ஆர்ஜொந்தெய்யில் இறந்தவர். பாட்டன் தீவில் கால் வைத்தபோது, அவருடைய முழுப்பெயரையும் சேர்த்துக் குடும்பப் பெயராக யாரோ ஓர் எழுத்தர் பதிந்துவிட்டார். அதை ஆலீஸ் தீவுக்காரரின் பெயர் என்றே எடுத்துக்கொண்டார். பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மண்டபமும் பதிவாயிற்று.

ஏப்ரலில் சீனர்கள் கல்லறைக்குப் போகும் வாரம். எரிக் வெளியூரில் இருந்தான். கொரின் கேட்டதால் வல்லிபுரம் கடை வாகனத்தில் அவளை ஆர்ஜொந்தெய்க்குக் கூட்டிப்போனார். அவள் தகப்பனின் கல்லில் பூவை வைத்தாள். பிரெஞ்சுப் பெயருக்கு மேலே கொக்கியும் கால் விரித்த பெட்டியும் செதுக்கியிருந்தன. வல்லிபுரத்துக்கு வாயெல்லாம் பல். சொந்தத்துக்குள் சம்பந்தம் அமைவது அவருடைய ஊரில் கொடுத்து வைத்தவர்களுக்குத்தான் நடக்கும். கொரினிடம் மூச்சு விடாமல், பின்னேரம் நேரே கடைக்கு வந்தார். ஆலீஸ் நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மடம், விருந்து வையுங்கோ! பெட்டையும் உங்கடை ஆக்கள்தான். தகப்பன்ரை கல்லிலை உங்கடை பெட்டி எழுத்து!"

ஆலீஸ் தண்ணீரை நிறுத்தினார். "வடிவாப் பாத்தீங்களோ?"

"நாள் முழுக்க அந்தப் பெட்டியளைத்தானே தூக்கிறன். எனக்குத் தெரியாதே?"

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "வல்லி அண்ணை, நீங்கள் பெரியப்பான்ரை மகளைக் கட்டுவீங்களோ?"

"சீ! என்ன கதை மடம் இது? அவ எனக்குத் தங்கச்சியெல்லோ!"

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஷான் எண்டது சான்தான், அண்ணை. ஒரே பேர் எண்டால் எங்களுக்கும் அதுதான். எத்தினை தலைமுறை போனாலும் தகப்பன் வழி தகப்பன் வழிதான்."

எரிக் முதலில் சிரித்தான், பிறகு கத்தினான். அந்தப் பெயரில் உலகத்தில் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்களே என்றான். ஊரில் அப்படிக் கட்டிய ஒரு சோடியைத் தனக்குத் தெரியும் என்றார் தாய். மூன்று பிள்ளைகள் பிறந்தும் ஒன்றும் நடக்கும் வயதுக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றான் மகன். அயல்வீட்டிலும் காய்ச்சல் வந்தது, அந்தப் பிள்ளைகள் நடந்தார்கள் என்றார் அவர்.

எரிக் கொரினோடு ரீயூனியனுக்குப் போய்விட்டான். சீன வருசப் பிறப்புக்கு ஒரு கடிதமாக மூன்று கடிதம் போடுவேன், பதில் வராவிட்டால் பிறகு எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான்.

முதல் கடிதம் 2012இல் வந்தது. கடையின் பின்புறம் ஒரு பழைய எண்ணெய்த் தகரம் இருந்தது. இறந்த கணவருக்கென்று ஆலீஸ் காகிதப் பணம் எரிப்பது அதில்தான். கடிதத்தைப் பிரிக்காமலே அதற்குள் போட்டுத் தீ வைத்தார்.

"மடம், அது செத்த ஆக்களுக்கு அனுப்புற தகரம்! பெடியன்ரை கடிதத்தை அதுக்குள்ளை போடாதேங்கோ."

"அவர்தானே தகப்பன். பேரும் அவரின்ரை பேர். வாசிச்சு அவரே ஒரு முடிவு சொல்லட்டும்."

2013இலும் அப்படியே நடந்தது. கடிதம் எரியும்போது வல்லிபுரம் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. தகரத்துக்குள் போவது தாள் மட்டுமல்ல என்று அவருக்கு உள்ளூரப் பயம். அந்த வருசக் கடைசியில் ஆலீஸ் மெலிந்து போனார். கிறிஸ்மஸ் அன்று கத்தியைத் துடைத்தபடி, தானாகவே வாய் திறந்தார்.

"தகப்பன் ஒண்டும் சொல்லுறார் இல்லை, அண்ணை. இந்த முறை வந்தால் பிரிப்பம். பெட்டையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி எழுதுவம்."

2014 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, ஆலீஸ் படுக்கையிலேயே இறந்துகிடந்தார்.

மகனுக்கு அறிவிக்க வல்லிபுரம் வீடு முழுவதும் முகவரி தேடினார். உறைகளும் கடிதங்களோடு எரிந்திருந்தன. ஆர்ஜொந்தெய்யில் கொரினின் பழைய அயலவர்களுக்கும் தெரியவில்லை. இறுதிச் சடங்கில் முதல் ஊதுபத்தியை மகன்தான் கொளுத்த வேண்டும் என்று வந்திருந்த சீனர்கள் சொன்னார்கள். காத்திருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் வல்லிபுரத்திடம் நீட்டினார்கள். அவர் கொளுத்தினார்.

மூடிய கடைக்கு எரிக்கின் கடைசிக் கடிதம் வந்தது 2014 ஜனவரி 30.